சுற்றாதது உண்மை

அன்புள்ள ஐயா,

கோவையில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் ஐந்து வருடமாக இருக்கிறேன். பகலெல்லாம் ஜிஎஸ்டி. ராத்திரி பத்து மணிக்கு நகைச்சுவை நாடகம் எழுத உட்கார்ந்தால் கண் சொக்குகிறது. வேலையை விட்டால்தான் எழுத்து உருப்படுமோ? ஒரு காட்சியை இணைத்திருக்கிறேன்.

ரா.

அன்புள்ள ரா.,

இப்போதைக்கு விடாதீர்கள். இயக்குநர் பாலசந்தர் ஏஜி ஆபீஸில், அதாவது அரசுக் கணக்காயர் அலுவலகத்தில், இருந்துகொண்டே நாடகம் போட்டவர். கிரேசி மோகன் கிண்டியில் பொறியியல் படித்து, சுந்தரம் கிளேட்டனில் வேலை பார்த்தவர். சபா நாடகங்களில் நடித்தவர்களில் பாதிப் பேர் ஆபீஸ் முடிந்து ஓடிவந்து மேக்கப் போட்டவர்கள்தான்.

நான் ஒரு கூட்டுறவு வங்கியில் இருந்தேன். கேஷியர் கூண்டில் ஃபேன் ஓடவில்லை என்று புகார் எழுதிப் போட்டோம். இரண்டு வாரம் கழித்து ஒரு அதிகாரி வந்தார். நாற்காலியில் ஏறிப் பார்த்தார். இறங்கி, புகாருக்குக் கீழே பச்சை மையில் எழுதினார்: ‘நேரில் ஆய்வு செய்யப்பட்டது. சுற்றாதது உண்மை.’

அன்று வீட்டில், “சுற்றாதது உண்மைன்னு எழுதிட்டுப் போயிட்டார்” என்று சொன்னேன். “அப்புறம் ஃபேன் ஓடிச்சா?” என்றாள் மனைவி. மறுநாள் பதினொரு மணி டீயின்போது வேறு செக்‌ஷன் ஆளிடம் சொன்னேன். நாற்காலி, பச்சை மை எல்லாவற்றையும் முன்னால் வைத்து, அந்த இரண்டு வார்த்தையைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். அவர் டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டார். ‘எழுதிட்டுப் போயிட்டார்’ என்ற வால்தான் முந்தைய நாள் சிரிப்பைத் தின்றிருக்கிறது. தமிழில் வினை கடைசியில் வருவதால் இந்த வால் தானாக முளைக்கும், நாம்தான் நறுக்க வேண்டும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது அந்த டீ கிளாஸ்தான். நண்பர்கள் மரியாதைக்காவது சிரித்துவைப்பார்கள். செக்‌ஷன் ஆளுக்கு அந்தக் கடமை இல்லை.

ராத்திரி எழுதாதீர்கள். காலையில் அரை மணி நேரம் போதும். 11-ம் தேதியும் 20-ம் தேதியும் நெருங்கும்போது அதுவும் வேண்டாம், ஜிஎஸ்டி ரிட்டர்னைப் போடுங்கள்.

சரி, உங்கள் காட்சி. முதலாளி முட்டாள். எல்லார் காட்சியிலும் அப்படித்தான். ஆனால் மூன்றாம் பக்கத்தில் ஒரு பார்ட்டி சாக்குப்பை நிறைய பில் கொண்டுவந்து கொட்டி, “இதுல நல்ல பில்லு எதுவோ எடுத்துக்கங்ணா, மீதிய நான் கொண்டுபோயிர்றேன்” என்கிறாரே, அவரை எங்கே பிடித்தீர்கள்? இரண்டு வரியில் அனுப்பிவிட்டீர்களே! முதலாளியை வெளியூருக்கு அனுப்பிவிட்டு, இவரை உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, மறுபடி எழுதி அனுப்புங்கள்.