அறுவடைக்கு யார் வரலாம்?

வணக்கம்.

நான் ஜகார்த்தாவில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். இந்த முறை நோன்புப் பெருநாள் விடுமுறைக்கு, உடன் வேலை பார்க்கும் ஜாவாக்காரர் ஒருவர் மத்திய ஜாவாவில் கிளாத்தென் பக்கம் இருக்கும் தன் கிராமத்துக்கு எங்களைக் குடும்பத்தோடு அழைத்துப் போனார். பச்சை வயல்கள், தூரத்தில் மெராபி எரிமலை, வீட்டைச் சுற்றிப் பலா, தென்னை, வாழை, மரவள்ளி. பக்கத்து வீட்டில் கல்யாணம். ஊர்ப் பெண்கள் நாற்பது பேர் மூன்று நாள் வந்து சமைத்தார்கள். ஒருவரும் கூலி வாங்கவில்லை. இதை ‘கொத்தோங் ரோயோங்’ என்கிறார்கள், ஆயிரம் வருடத்துப் பழக்கம் என்றார் நண்பர். நெல்லை தேவி ஸ்ரீ என்று கும்பிடுவதையும் சொன்னார். மதம் மாறினாலும் அடியில் இருப்பது நம் பண்பாடுதானே?

ஆனால் ஊரில் இளைஞர்களே இல்லை. பெருநாளுக்கு வந்தவர்கள் எல்லாம் ஒரு வாரத்தில் பைக்கில் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். இவ்வளவு அன்பான வாழ்க்கையை விட்டுவிட்டு ஏன் போகிறார்கள்? நாம் தொலைத்ததை அவர்களும் தொலைக்கப்போகிறார்களா? என் குழந்தைகளைக் கொஞ்ச நாள் அங்கே தங்கவைக்கலாம் என்று நினைக்கிறேன். உங்கள் கருத்து என்ன?

கே.

அன்புள்ள கே.,

‘கிராமம் அன்பானது, நாம்தான் தொலைத்துவிட்டோம்’ என்று வரும் கடிதங்களுக்கு நான் பதில் எழுதுவதில்லை. உங்கள் கடிதத்தில் கிளாத்தென் என்ற பெயர் இருந்ததால் நின்றேன். அந்தப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் சில காலம் தங்கியிருந்திருக்கிறேன். அங்கே பார்த்த ஒரு சின்னக் கத்தி கொஞ்ச நாளாகவே மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது.

முதலில் தேவி ஸ்ரீயை முடித்துவிடுவோம். ஆமாம், அறுவடைக்கு முன் வயலோரத்தில் அவளுக்குச் சோறும் முட்டையும் படைக்கும் வீடுகள் இன்றும் உண்டு. படைப்பவர்கள் முஸ்லிம்கள், ஐந்து வேளை தொழுகிறவர்களும் அவர்களில் உண்டு. அவர்களுக்கு இதில் குழப்பம் எதுவும் இல்லை. நமக்குத்தான் உடனே பட்டாவை நம் பெயருக்கு மாற்றிக்கொள்ளும் ஆசை. மணிமேகலையில் ஆபுத்திரன் எதற்காகச் சாவக நாட்டுக்கு, ஜாவா என்று கருதப்படும் அந்த நாட்டுக்கு, கப்பலேறுகிறான்? அங்கே மழையில்லாமல் உயிர்கள் மடிகின்றன என்று கேள்விப்பட்டு. நம் காப்பியத்தில் அந்த நாடு பசியோடுதான் வருகிறது. அந்த நினைவு மட்டும் நமக்குப் போதும்.

கொத்தோங் ரோயோங்குக்கு ஆயிரம் வருடம் என்பதும் அப்படித்தான். ஒருவருக்கொருவர் வேலை செய்துகொடுப்பது பழைய வழக்கம், மறுக்கவில்லை. ஆனால் 1945 ஜூன் 1 அன்று புதிய நாட்டுக்கான தன் ஐந்து கொள்கைகளை முன்வைத்துப் பேசிய சுகர்ணோ, பின்னால் இந்தோனேசியாவின் முதல் ஜனாதிபதி ஆனவர், ஐந்தையும் ஒன்றாகச் சுருக்கினால் கொத்தோங் ரோயோங் என்றார். அதற்குப் பிறகுதான் அது தேசத்தின் மந்திரம் ஆனது. அவருக்குப் பின் ஆட்சிக்கு வந்த ஜெனரல் சுகார்த்தோ காலத்தில் அதே பெயரைச் சொல்லிக் கூலியில்லாமல் சாலை போடவும் வாய்க்கால் வெட்டவும் ஆள் திரட்டினார்கள். தெருவுக்கு ஒரு தலைவர் வைத்திருக்கிறார்களே, ஆர்.டி. என்று, அதைக் கொண்டுவந்தது 1944ல் ஜப்பானிய ராணுவ ஆட்சி. இதையெல்லாம் உங்கள் நண்பர் சொல்லாததில் தப்பில்லை. விருந்தாளியிடம் யாரும் சொல்ல மாட்டார்கள்.

சரி, கல்யாணத்துக்கு வருவோம். பெண்கள் கூலி வாங்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். வரும்போது என்ன கொண்டுவந்தார்கள் என்று பார்த்தீர்களா? அரிசி, சர்க்கரை, தேயிலை, எண்ணெய். பின்கட்டில் ஒருத்தி நோட்டோடு உட்கார்ந்து யார், என்ன, எவ்வளவு என்று எழுதிக்கொண்டிருப்பாள். நம் ஊர் மொய் நோட்டேதான். இங்கே மொய் எழுதினால் ‘எல்லாவற்றுக்கும் கணக்குப் பார்க்கிற ஜனம்’ என்று சலித்துக்கொள்கிற நீங்கள், அதே நோட்டை ஜாவாவில் பார்த்தால் அன்பு என்பீர்களா? அதிருக்கட்டும், அந்தக் கல்யாணத்தில் சாப்பிட்டீர்களே, உறையில் பணம் வைத்துக் கொடுத்தீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கொடுக்கவில்லை என்றால் நண்பரின் அம்மா உங்களுக்கும் சேர்த்து வைத்திருப்பார். இன்றைக்கே கேட்டுத் திருப்பிக் கொடுங்கள். பெருநாளுக்கு அடுத்த வாரங்களில் அங்கே அழைப்புக்கு மேல் அழைப்பாக வரும். கோழியை விற்று உறை வைக்கிற வீடுகள் உண்டு, கடன் வாங்கி வைக்கிற வீடுகளும் உண்டு.

நோட்டு இருந்தால் பிரியம் இருக்காது என்று நினைத்துவிடாதீர்கள். இரவு வெகுநேரம் வரை தேங்காய் துருவிக்கொண்டு, புது மாப்பிள்ளையைக் கேலி செய்துகொண்டு, அடுப்புப் புகையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர்கள் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

நான் தங்கியிருந்த வீட்டு அம்மாவை இபு என்று கூப்பிடுவேன். அவர் வீட்டு விசேஷத்துக்கு ஒரு கிழவி மற்றவர்களுக்கு முந்தின நாளே வந்தாள், கடைசிப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் போனாள். முன்வாசல் பக்கம் அவள் வரவே இல்லை. இபுவிடம் விசாரித்தேன். “அவளுக்கு நிலம் கிடையாது. அரிசி கொண்டுவர முடியாது, அதனால் உடம்பைக் கொண்டுவருகிறாள்” என்றார். குரலில் இளக்காரம் இல்லை. நோட்டில் அவள் பெயரும் இல்லை. ஆனால் அவள் வீட்டில் ஒரு காரியம் என்றால் தான் எவ்வளவு செய்ய வேண்டும் என்பது இபுவுக்கு மனப்பாடம்.

அந்தக் கிழவி வீட்டு மூங்கில் தட்டிச் சுவரில் செருகியிருந்ததுதான் நான் சொன்ன கத்தி. அனி-அனி. உள்ளங்கையில் அடங்கும். ஒரு சிறு பலகை, அதன் விளிம்பில் மெல்லிய தகடு, பிடிக்கக் குறுக்கே ஒரு மூங்கில் குச்சி. கதிரின் தாளை விரலால் இழுத்துத் தகட்டோடு அழுத்தினால் அறுந்துவிடும். ஒவ்வொரு கதிராக. பெரிய இரும்பைக் கண்டால் தேவி ஸ்ரீ பயந்துபோவாள், அதனால் கைக்குள் மறைத்து அறுக்க வேண்டும் என்பார்கள். சுற்றுலாக்காரர்களுக்கு இந்த இடத்தோடு கதை முடிந்துவிடும். நீங்களும் ‘ஆகா’ என்று நின்றுவிடுவீர்கள் என்பதால் மேலே சொல்கிறேன்.

கதிர் கதிராக அறுக்க வேண்டுமென்றால் ஒரு வயலுக்கு ஏகப்பட்ட கை வேண்டும். அத்தனை கைக்கும் நெல் போகும். அறுத்ததில் ஒரு பங்கு அறுத்தவளுக்கு. பாவோன் என்று பெயர். எட்டில் ஒன்று, பத்தில் ஒன்று என்று ஊருக்கு ஊர் மாறும். சொந்தக்காரிக்குக் கூடும், வெளியூர்க்காரிக்குக் குறையும். ஆனால் ‘நீ வராதே’ என்று வயல்காரர் சொல்ல முடியாது. சொல்லிவிட்டு ஊரில் தலைகாட்ட முடியாது. கிழவி சிறுமியாக இருந்தபோது அம்மாவும் பெண்ணும் விடியும் முன் கிளம்பி, எந்த ஊரில் கதிர் முற்றியிருக்கிறது என்று விசாரித்துக்கொண்டே நடப்பார்களாம். “யார் வயல் என்று கேட்க மாட்டோம், எங்கே வயல் என்றுதான் கேட்போம்” என்றாள்.

இதை தர்மம் என்று சொல்லிவிடாதீர்கள். எனக்குக் கோபம் வரும். தர்மம் போடுகிறவன் இஷ்டம். இது உரிமை. எந்தச் சட்டத்திலும் எழுதப்படாத, ஆனால் நிலமில்லாத ஒரு பெண் நம்பி வருடத்தை ஓட்டக்கூடிய உரிமை.

1960களின் கடைசியில் ஐ.ஆர். 5, ஐ.ஆர். 8 என்ற அதிக விளைச்சல் தரும் புதிய நெல் ரகங்கள் வந்தன. கிளாத்தெனில் தெலாங்குப் பக்கத்து ரோஜோலெலே நெல் வாசனைக்குப் பேர்போனது, ஆள் உயரம் வளரும், மெதுவாக முற்றும். புதிய நெல் குட்டை. வயல் முழுதும் ஒரே சமயத்தில் முற்றும், மணி சீக்கிரம் உதிரும். அரிவாளால் அடியோடு அறுத்து வயலிலேயே அடித்துவிடலாம். அதற்குள் ஜனமும் பெருகி, ஒரு ஹெக்டேர் வயலில் நூற்றுக்கணக்கானவர்கள் வந்து இறங்கினார்கள். வயல்காரருக்கோ உரத்துக்கும் பூச்சிமருந்துக்கும் வாங்கிய கடன். அவர் யாரையும் விரட்டவில்லை. அறுவடைக்குச் சில நாள் முன்பே நிற்கிற பயிரை அப்படியே வியாபாரிக்கு விற்றுவிட்டார். தெபாசான் என்பார்கள். வியாபாரி வெளியூர்க்காரர், அந்த ஊரில் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. தன் ஆட்களோடு வருவார், பெரும்பாலும் ஆண்கள், கையில் அரிவாளும் தராசும். வரப்பில் வந்து நிற்கும் பெண்களிடம் வயல்காரர் ‘நான்தான் விற்றுவிட்டேனே, என்ன செய்ய’ என்று கையை விரித்தார். முகமும் கெடவில்லை, நெல்லும் மிஞ்சியது. வில்லியம் காலியர், குணவான் விராடி, சுந்தோரோ என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1973ல் இதை எழுதியபோது ஜாவாவில் பல இடங்களில் இது பரவிக்கொண்டிருந்தது. அதே வருடங்களில் சின்ன அரைவை மில்கள் வந்து, நெல் குத்திக் கூலி வாங்கும் வேலையும் பெண்களிடமிருந்து போனது.

வேறு ஊர்களில் வேறு தந்திரம். நடவும் களையெடுப்பும் சும்மா செய்துகொடுத்தவளுக்கு மட்டும்தான் அறுவடையில் இடம். கெடோகான். உங்களைப் போல ஒருவர் அந்த வழியாகப் போனால், கூலி வாங்காமல் நாற்று நடும் பெண்களைப் பார்த்து மனம் நெகிழ்ந்து எனக்கு ஒரு கடிதம் எழுதுவார்.

இந்த நெகிழ்ச்சியில் படித்தவர்களும் விழுந்திருக்கிறார்கள். 1950களில் கிழக்கு ஜாவாவின் பாரேயில் தங்கி ஆராய்ந்த அமெரிக்க மானுடவியலாளர் கிளிஃபோர்ட் கீர்ட்ஸ், ஜாவாக்காரர்கள் இருக்கிற கொஞ்சத்தைப் பிய்த்துப் பிய்த்து எல்லாருக்கும் கொடுத்து வறுமையைப் பகிர்ந்துகொள்கிறார்கள் என்று 1963ல் எழுதினார். கேட்க நன்றாக இருக்கிறது. ஊர்த் தலைவருக்குச் சம்பளத்துக்குப் பதிலாக பெங்கோக் என்று நிலம் ஒதுக்கியிருப்பார்கள், பெரும்பாலும் நல்ல நிலமாகவே. அவரும் என் கிழவியும் எந்த வறுமையைப் பகிர்ந்துகொண்டார்கள்? பின்னால் வந்த ஆய்வாளர்கள் இதைக் கேட்டார்கள்.

இவ்வளவு பெரிய உரிமை கைவிட்டுப் போனபோது ஏன் பெரிய சத்தம் எழவில்லை? இதைத்தான் உங்களுக்குச் சொல்ல நினைத்தேன். 1960ல் நிலச் சீர்திருத்தச் சட்டமும் வாரதாரர்களுக்கான சட்டமும் வந்தன. காகிதத்திலேயே இருந்தன. 1964ல் உங்கள் கிளாத்தென் பகுதியில்தான், கம்யூனிஸ்ட் கட்சியைச் சார்ந்த விவசாயிகள் சங்கம் ‘சட்டம் சொல்லும் பங்கைக் கொடு’ என்று வயல்களில் இறங்கியது. 1965 அக்டோபரில் கம்யூனிஸ்டுகளை ஒழிக்க ராணுவத்தின் சிறப்புப் படை மத்திய ஜாவாவுக்குள் வந்தது. அடுத்த சில மாதங்களில் நாடெங்கும் ஐந்து லட்சம் பேராவது கொல்லப்பட்டார்கள் என்பது பரவலான மதிப்பீடு. அதற்கு ஐந்தாறு வருடம் கழித்து வியாபாரி அரிவாளோடு வந்து நிற்கிறார். ‘என் பங்கு எங்கே?’ என்று கேட்க எவளுக்கு வாய் வரும்? நிலத்தைப் பற்றிக் கேட்டவர்கள் என்ன ஆனார்கள் என்று ஊருக்கே தெரியுமே. அங்கே யாரும் குரலை உயர்த்துவதில்லை, எதற்கும் சிரித்த முகம்தான். நீங்கள் அதில் மயங்கியிருப்பீர்கள், நானும் மயங்கியவன்தான். ஆனால் அந்த அமைதியில் ஒரு பகுதி அந்த மாதங்களில் படித்த பாடம். ஒருநாள் பேச்சு அந்தப் பக்கம் திரும்பியதும் இபு எழுந்து, தேநீருக்கு இன்னும் சர்க்கரை வேண்டுமா என்று கேட்டார். அவ்வளவுதான், அதற்குப் பிறகு அந்த வீட்டில் அந்தப் பேச்சு வரவில்லை.

உங்கள் கேள்வி என்ன, இளைஞர்கள் ஏன் போகிறார்கள் என்பதுதானே? உங்கள் பக்கத்து மேஜைக்காரரே போனவர்தான், அவரிடம் கேட்க வேண்டியதை என்னிடம் கேட்கிறீர்கள். அரை ஹெக்டேர்கூட இல்லாத வயலை மூன்று பிள்ளைகள் எப்படிப் பிரிப்பார்கள்? இது புதிதும் இல்லை. 1890 முதல் 1939 வரை சுமார் 33,000 ஜாவாக்காரர்களை டச்சுக்காரர்கள் தென் அமெரிக்காவின் சூரினாம் தோட்டங்களுக்குக் கப்பலேற்றினார்கள். 1905ல் 155 குடும்பங்களை சுமத்ராவின் லாம்போங்கில் குடியேற்றினார்கள். இன்று கிழக்கு ஜாவாவின் பொனொரோகோ, பிளிதார் பக்கத்துப் பெண்கள் ஹாங்காங்குக்கும் தைவானுக்கும் வீட்டுவேலைக்குப் போகிறார்கள். ஊரில் நீங்கள் பார்த்த டைல்ஸ் போட்ட வீடுகள் எந்த வயலில் விளைந்தவை என்று நினைக்கிறீர்கள்?

குழந்தைகளைத் தாராளமாக அழைத்துப் போங்கள். ஆனால் பெருநாள் வாரத்தில் வேண்டாம், அப்போது ஊர் முழுக்க விருந்தாளிகளாக இருப்பார்கள். பெரிய அறுவடை மார்ச், ஏப்ரலில். பள்ளிக்கு ஒரு வாரம் லீவு போட்டால் ஒன்றும் குடிமுழுகிவிடாது. காலையிலேயே வயலுக்குப் போய்விடுங்கள். இப்போது பல இடங்களில் அறுவடை எந்திரம் வந்துவிட்டது. அது போன பிறகு சிந்திய கதிரைப் பொறுக்க, சாக்கும் முறமுமாக சில பெண்கள் வருவார்கள். அவர்கள் எந்த ஊர், வீட்டில் நிலம் உண்டா, யாருடைய அனுமதியில் வயலில் இறங்குகிறார்கள் என்று கேளுங்கள். நண்பரையும் கூட்டிக்கொண்டு போங்கள். வயதானவர்களுக்கு ஜாவா மொழிதான் சரளமாக வரும், ஜகார்த்தாவில் நீங்கள் கற்ற இந்தோனேசிய மொழி அங்கே பாதிதான் செல்லும்.

அன்புடன்.