பச்சைப் பட்டினி

அன்புள்ள ஐயா,

சமயபுரம் மாரியம்மன் மாசி கடைசி ஞாயிறு தொடங்கி 28 நாள் பச்சைப் பட்டினி விரதம் இருக்கிறாள். இந்த 28 எதைக் குறிக்கிறது? மனிதனின் புலனடக்கத்துக்கு அது குறியீடு என்று ஒரு சொற்பொழிவில் கேட்டேன். வேப்பிலை கிருமிநாசினி, எல்லாமே அறிவியல்தான் என்கிறார் நண்பர். என் அம்மாவுக்குச் சர்க்கரை நோய். இந்த வருடமும் விரதம் இருந்து நடந்தே சமயபுரம் போவேன் என்கிறார். தடுக்கலாமா?

ச., ஓசூர்

அன்புள்ள ச.,

உங்கள் கடிதம் வந்தபோது நானும் அவளுடைய பட்டினியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். வெயில் ஏறத் தொடங்கினாலே எனக்கு அந்த நினைப்பு வந்துவிடும்.

28-ஐ விடுங்கள். எண்ணைக் கையில் கொடுத்தால் நட்சத்திரம், நரம்பு என்று எதோடும் முடிச்சுப் போடுவார்கள். கிருமிநாசினிக்கும் என்னிடம் பதில் இல்லை. கிருமியைக் கொல்லவா கூடை கூடையாகப் பூ சொரிகிறார்கள்?

ஆனால் புலனடக்கம் என்றீர்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. சாமிக்காக நாம் விரதம் இருப்பது எல்லா ஊரிலும் உண்டு. சமயபுரத்தில் நமக்காகச் சாமி விரதம் இருக்கிறாள். அவள் எந்தப் புலனை அடக்க வேண்டும்? அந்த நாட்களில் அவளுக்குச் சமைத்த நைவேத்தியம் கிடையாது. துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர், அவ்வளவுதான். ஊறவைத்து இடித்த பச்சரிசியில் வெல்லம் சேர்த்ததுதான் துள்ளுமாவு, அடுப்பே காணாதது. அடுப்பில் தாளிக்கிற சத்தம் அடங்கிப்போன வீட்டை நீங்கள் பார்த்ததே இல்லையா?

ஒன்பது வயதில், ஒரு பங்குனியில், எனக்கு அம்மை போட்டது. 'அம்மா வந்திருக்கா' என்று சொல்லி வாசலில் வேப்பிலை செருகினார்கள். எண்ணெய்ச் சட்டி பரணுக்குப் போனது. எனக்கு ஆறிய கஞ்சியும் இளநீரும். ராத்திரி உடம்பெல்லாம் அரிக்கும். அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து வேப்பங்கொத்தால் தடவிக்கொண்டே இருப்பாள். மூன்றாம் நாளோ என்னவோ, அப்பா கடையிலிருந்து அவளுக்கு மட்டும் இட்லி வாங்கி வந்தார். பொட்டலத்தை அவள் பிரிக்கவே இல்லை. "புள்ள நாக்கைக் கட்டிக்கிட்டுக் கெடக்கு. எனக்கு மட்டும் எப்படிங்க எறங்கும்?" என்றாள். எனக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிற நாள்வரை அவளுக்கும் அதே கஞ்சிதான்.

முப்பது வருடம் கழித்து, முதல் பூச்சொரிதல் முடிந்த வாரத்தில், சமயபுரத்தில் நின்றேன். துள்ளுமாவுத் தட்டு உள்ளே போனது. பிரிக்காத அந்த இட்லிப் பொட்டலம்தான் கண்முன் வந்தது. கூட்டத்துக்கு நடுவே அழுதேன். இதைப் போய்க் குறியீடு என்கிறீர்கள்! நோயில் கிடக்கும் பிள்ளைக்குப் பக்கத்தில் தாய் என்ன செய்வாளோ அதையே அவளும் செய்கிறாள். பெரியம்மை உலகத்தை விட்டே ஒழிந்தது என்று 1980-இல் அறிவித்தார்கள். வீடு வீடாகப் போய் ஊசி போட்டவர்களை நான் கையெடுத்துக் கும்பிடுவேன். அதன் பிறகும் அவள் பட்டினியை விடவில்லை. பிள்ளைகள் படுப்பது நின்றுவிட்டதா என்ன?

உங்கள் அம்மாவைத் தடுக்காதீர்கள், தனியாகவும் அனுப்பாதீர்கள். எவ்வளவு தூரம் நடக்கலாம், விரதத்தில் மாத்திரையை என்ன செய்வது என்று முதலில் மருத்துவரிடம் கேளுங்கள். பிறகு லீவு போட்டுவிட்டுக் கூடவே நடங்கள். போகிற வழியில் அவரிடம் ஒன்று கேளுங்கள்: உங்களுக்கு அம்மை போட்டிருந்தபோது அவர் என்ன சாப்பிட்டார்?