பஸ்ஸில் அந்த சீட்

கேள்வி: பிட்ஸ்பர்க் அருகே 11 வருடமாக இருக்கிறோம். இங்குள்ள பெரிய அமெரிக்க உருக்குக் கம்பெனியான யு.எஸ். ஸ்டீலை ஜப்பானின் நிப்பான் ஸ்டீல் வாங்கியதிலிருந்து தெருவில் இதே பேச்சு. எதிர்வீட்டுப் பெரியவர் ஆலையில் 30 வருடம் உழைத்தவர்; கொதித்துப்போயிருக்கிறார். பக்கத்து வீட்டில் ஒரு ஜப்பானியக் குடும்பம். அந்த வீட்டுக்காரருக்குப் பல்கலைக்கழகத்தில் வேலை, ஸ்டீலுக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. அவர்களைக் கொலுவுக்கு அழைக்கலாம் என்கிறாள் மனைவி. நம்மையும் அவர்களோடு சேர்த்துப் பார்ப்பார்களோ என்று எனக்குப் பயம். பள்ளி பஸ்ஸில்கூட அவர்கள் பெண் பக்கத்தில் கொஞ்ச நாள் உட்கார வேண்டாம் என்று மகளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அழைக்கலாமா?

பதில்: தம்பி, கொலு அப்புறம். முதலில் அந்த பஸ் சீட். போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டீர்கள், என்னால் அதைத் தாண்டிப் போக முடியவில்லை. மகளிடம் என்ன காரணம் சொன்னீர்கள்? தினமும் பக்கத்தில் உட்கார்ந்த தோழி திடீரென்று வேறு சீட்டுக்குப் போனால், அந்தச் சின்னப் பெண் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் என்ன சொல்லியிருப்பாள்?

பெரியவரின் கோபத்தைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆலை மூடினால் ஊர் என்னவாகும் என்று கண்ணால் பார்த்த தலைமுறை அது. ஆனால் 1986-ல் பிட்ஸ்பர்க் பக்கத்தில் யு.எஸ். ஸ்டீலின் ஹோம்ஸ்டெட் ஆலையை மூடியது ஜப்பான்காரர் இல்லை, அமெரிக்க நிர்வாகம்தான். இந்த விற்பனையையே எடுத்துக்கொள்ளுங்கள். தொகை 1,490 கோடி டாலர். 2025 ஜனவரியில் பைடன் தடுத்தார், ஜூனில் ட்ரம்ப் அனுமதித்தார். தொழிற்சங்கத் தலைமை கடைசிவரை எதிர்த்தது. முதலீடு வந்தால் உலை அணையாது என்று உள்ளூர்த் தொழிலாளர்கள் பலர் ஆதரித்தார்கள். உங்கள் பெரியவர் எதற்குப் பயப்படுகிறார்? பென்ஷனுக்கா, பேரனின் வேலைக்கா? நீங்கள் கேட்கவே இல்லை. பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றி அவர் ஒரு வார்த்தை தவறாகச் சொன்னதாகவும் உங்கள் கடிதத்தில் இல்லை. அந்த முடிச்சைப் போட்டது நீங்கள்.

பயத்துக்குக் காரணமே இல்லை என்று சொல்லவில்லை. 1982-ல் டெட்ராய்ட் பகுதியில், ஜப்பானியக் கார்களால் வேலை போகிறது என்ற கோபம் உச்சத்தில் இருந்தபோது, வின்சென்ட் சின் என்ற 27 வயது இளைஞரை பேஸ்பால் மட்டையால் அடித்துக் கொன்றார்கள். அடித்த இருவரும் கார் ஆலைகளில் வேலை பார்த்தவர்கள். வின்சென்ட்டுக்குச் சில நாளில் கல்யாணம். அவர் ஜப்பானியரே இல்லை, சீன வம்சாவளி அமெரிக்கர். கொன்றவர்களுக்கு ஒரு நாள்கூடச் சிறைத்தண்டனை விதிக்காமல், நன்னடத்தைக் கண்காணிப்பும் ஆளுக்கு 3,000 டாலர் அபராதமும் போட்டு அனுப்பியது நீதிமன்றம். அதன் பிறகுதான் சீனர், ஜப்பானியர், கொரியர் என்று தனித்தனியாக இருந்தவர்கள் ஒன்றாகத் தெருவுக்கு வந்தார்கள். விலகி உட்கார்வது யாரையும் காப்பாற்றாது என்று அவர்களுக்கு அப்போது புரிந்தது. நீங்கள் அதையே மகளுக்குப் பழக்கிக்கொண்டிருக்கிறீர்கள்.

வெளியூரில் பிழைக்கப் போன அப்பா பிள்ளைக்குச் செய்ய வேண்டியது வீட்டு லோன் கட்டுவது மட்டும் இல்லை. அக்கம்பக்கத்தோடு எப்படி வாழ்வது என்று அவள் உங்களைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறாள்.

இன்றைக்கு ராத்திரியே அவளைக் கூப்பிட்டு, "அப்பா சொன்னது தப்பு, நாளைக்குப் பழைய சீட்டிலேயே உட்கார்" என்று சொல்லுங்கள். மழுப்ப வேண்டாம். கொலுவுக்கு அந்தக் குடும்பத்தை மனைவி அழைக்கட்டும். பெரியவரை நீங்கள் போய் அழையுங்கள், அதே நாளுக்கு. அப்படியே வாசலில் பேசிவிட்டுத் திரும்பாமல், உள்ளே உட்கார்ந்து ஆலையைப் பற்றிக் கேளுங்கள். சுண்டல் கொஞ்சம் கூடுதலாக ஊறட்டும்.