சுவரைவிட ஜன்னல் பெரிசா?

கேள்வி: இங்கிலாந்தில் இருக்கும் என் மகள், டெர்பிஷயரில் உள்ள ஹார்ட்விக் ஹால் என்ற பழைய மாளிகையின் படத்தை அனுப்பியிருந்தாள். கல் கட்டடமாம். பார்த்தால் எங்கும் கண்ணாடிதான் தெரிகிறது. மேல்மாடி ஜன்னல்தான் எல்லாவற்றிலும் பெரிசு! சுவரை இப்படித் திறந்துவிட்டால் எப்படி 400 வருடம் நிற்கும்?
- வாசகி ஒருவர், திண்டுக்கல்

பதில்: அந்த வாசலில் நின்றபோது எனக்கும் இதே கேள்விதான் வந்தது, அம்மா. நாற்பது வருடம் கட்டட வேலை பார்த்தவன். அவ்வளவு அகலமான திறப்பைக் கண்டதும் என் கண் மூலைகளில் விரிசலைத்தான் தேடியது.

விடை வீட்டுக்குள் இருக்கிறது. குளிர் நாடு என்பதால் அறைக்கு அறை கணப்பு வேண்டும், அதற்குப் புகைபோக்கி வேண்டும். அதை வெளிச்சுவரில் ஏற்றினால் ஜன்னலுக்கு இடம் ஏது? இங்கே புகைபோக்கிகளை உட்சுவர்களுக்குள் கொண்டுபோய்விட்டார்கள். அதனால் வெளிச்சுவரைப் பலவீனமாக்காமல் இவ்வளவு பெரிய ஜன்னல்கள் வைக்க முடிந்தது. வடிவமைத்தவர் ராபர்ட் ஸ்மித்சன் என்பார்கள். என்ன துணிச்சல் அந்த மனிதருக்கு! ஆனாலும் சில ஜன்னல்கள் வெறும் தோற்றம்தான். பின்னால் அறை கிடையாது, புகைபோக்கிதான் போகிறது. வெளியே இரண்டு பக்கமும் ஒத்துப்போக வேண்டுமே!

மேலே போகப் போக ஜன்னல் பெரிதாவதற்குக் காரணம் உண்டு. கீழ்த்தளம் வேலைக்காரர்களுக்கு, நடுத்தளம் குடும்பத்துக்கு, உச்சித்தளம் பெரிய விருந்தினர்களுக்கு. மதிப்பு ஏற ஏற வெளிச்சமும் ஏறுகிறது. கீழே கல் அதிகமாக இருப்பது பாரத்துக்கும் நல்லதுதான்.

கட்டியவர் பெஸ் என்று அழைக்கப்பட்ட ஒரு சீமாட்டி. 1590-ல் தொடங்கி 1597-ல் குடிபோனபோது எழுபதை ஒட்டிய வயது. ஆறு கோபுரங்களின் உச்சியிலும் தன் பெயரின் முதலெழுத்துகளைக் கல்லிலேயே செதுக்க வைத்தார். கண்ணாடி பொன்போல விலை விற்ற காலம் அது.

மகள் மறுபடி போனால் சாயங்காலம் போகச் சொல்லுங்கள். முகப்பு மேற்குப் பார்த்தது. ஈயப் பட்டையில் கோத்த சின்னச் சின்னச் சில்லுகள் அந்த ஜன்னல்கள். எதுவும் ஒரே மட்டத்தில் இல்லை. ஒரு சில்லில் மேகம் தெரியும், பக்கத்துச் சில்லில் வெறும் வெயில்தான். பத்தடி தூரத்தில் நின்று பார்க்கச் சொல்லுங்கள்.