ஏர் ரைஃபிள் குழலின் நுனி அடிபட்டுவிட்டது, குறி சிதறுகிறது. சரிசெய்ய முடியுமா, புதுக் குழல்தான் வழியா?

முடியும். அடி நுனியில் மட்டும் என்றால் பெரும்பாலும் முடியும். ரைஃபிள் கீழே விழுந்தது, அதற்கப்புறம் பத்து மீட்டரில்கூடக் குறி சிதறுகிறது, எல்லோரும் குழலை மாற்றச் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த எல்லோரையும் எனக்கு நன்றாகத் தெரியும். என்னிடமும் அதையேதான் சொன்னார்கள், அதனால்தான் உட்கார்ந்து இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

உங்களுடையது குழலை மடக்கிக் குண்டு போடும் ஸ்பிரிங் வகை, 4.5 மி.மீ. என்று வைத்துக்கொள்கிறேன். என்னுடையதும் அந்த ரகம்தான். கிளப்பில் ஒருவர் பயிற்சிக்கு வேண்டும் என்று வாங்கிப்போனார். திருப்பித் தரும்போது "நல்லா கிளீன் பண்ணியே குடுக்கிறேன் சார்" என்று பெருமையாக வேறு சொன்னார். துண்டு துண்டாகத் திருகிச் சேர்க்கும் இரும்புக் கம்பியை வாய்ப்பக்கத்திலிருந்து, அதாவது குண்டு வெளியேறும் நுனியிலிருந்து, விட்டு இழுஇழு என்று இழுத்திருக்கிறார். ஏர் ரைஃபிள் குழல் மென்மையான எஃகு. அந்தக் கம்பியின் இணைப்பு விளிம்புகள் வாயில் போய்வரும் ஒவ்வொரு முறையும் அரம் போலத் தேய்க்கும். மடக்குகிற குழலைப் பின்பக்கத்திலிருந்தே சுத்தம் செய்யலாம், நூலில் கட்டிய துணியை இழுத்தாலே போதும். இதையெல்லாம் யாரிடம் சொல்வது.

அதுவரை ஒரே ஓட்டையாக விழுந்துகொண்டிருந்தது, அப்புறம் இரண்டு விரல் அகலத்துக்குப் பரவியது. பயிற்சியாளர் முதலில் என் கையைச் சொன்னார், பிறகு மூச்சை, பிறகு வயதை, கடைசியில் கண்ணை. கண்ணைப் பற்றி ஒன்று சொல்லியே ஆகவேண்டும், கேள்விக்குச் சம்பந்தமில்லை, மன்னிக்கவும். கண்ணாடி போடும் இடத்தில் தூரத்துப் பலகை பளிச்சென்று தெரிகிற மாதிரி ஒரு கண்ணாடி செய்து தலையில் கட்டினார்கள். வளைய சைட்டில், அதாவது குறிபார்க்கும் வளையத்தில், சுடுகிறவனுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டியது முன் சைட், இலக்கு லேசாக மங்கினால் பரவாயில்லை. தூரப் பார்வை பவரோடு அரை டயாப்டர் அளவுக்குக் கூட்டிப் போடுவது சுடுகிறவர்களிடம் வழக்கமான விஷயம். எடுத்துச் சொன்னேன். "நாங்க படிச்சுட்டு வந்திருக்கோம்" என்று பதில். அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இப்போது பேருந்து எண் மட்டும் படிக்கிறேன்.

சரி, குழலுக்கு வருவோம். குறி எப்படிக் கெட்டிருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். குண்டுகள் எல்லாம் ஒன்றாக, நெருக்கமாக, ஆனால் வேறு இடத்தில் விழுந்தால் நுனியைத் தொடாதீர்கள். அது சைட் நகர்ந்திருக்கும், அல்லது குழல் வளைந்திருக்கும். மடக்கிய நிலையில் ட்ரிகர் தட்டிக் குழல் படாரென்று மூடிக்கொண்டால் அது மேல்நோக்கி வளையும், எல்லாக் குண்டும் மேலே போகும். அது தனி வைத்தியம். குண்டுகள் பரவினால்தான் நுனி மேல் சந்தேகப்பட வேண்டும். அப்போதும் முதலில் ரைஃபிளைத் தாங்கும் கட்டையின் ஸ்க்ரூக்களை இறுக்குங்கள், ஸ்பிரிங் அதிர்வில் அவை தானாகத் தளரும். குழல் மடங்கும் இடத்தில் ஆட்டம் இருக்கிறதா, பின்பக்க சீல் கிழிந்திருக்கிறதா, சைட் மவுன்ட் ஆடுகிறதா என்று பாருங்கள். ஒரே டப்பா பெல்லட்டில் (ஏர் ரைஃபிளின் ஈயக் குண்டு), விரிந்த வால்பக்கமான பாவாடை நசுங்காததாகப் பொறுக்கி எடுத்து, மூன்று மூன்றாக இல்லாமல் பத்துப் பத்தாகச் சுடுங்கள். மூன்று குண்டு அதிர்ஷ்டத்தில் ஒன்றாக விழும், பத்து விழாது.

இவ்வளவும் பார்த்தும் பரவுகிறது என்றால் வாயைச் சோதியுங்கள். முதலில் ரைஃபிள் காலியாக இருப்பதை உறுதிசெய்யுங்கள். காது குடையும் பஞ்சுக்குச்சியைக் குழல் வாய்க்குள் விட்டு, விளிம்பில் உரசியபடி மெல்ல வெளியே இழுங்கள். பிசிறு இருக்கிற இடத்தில் பஞ்சு நூல் நூலாக மாட்டும். இன்னொன்று, சுட்டபின் வாய் விளிம்பில் ஈயக் கறை எப்படிப் படிந்திருக்கிறது என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். குண்டைச் சுழற்றக் குழலுக்குள் வெட்டிய பள்ளம் எத்தனையோ அத்தனை இதழ், எல்லாம் ஒரே அளவில் பூ மாதிரி இருந்தால் விளிம்பு நன்றாக இருக்கிறது. என்னுடையதில் ஒரு பக்கம் இதழே இல்லை, இழுத்த கறைதான்.

ஒரு சின்ன கீறலுக்கு இவ்வளவா என்று நானும் கேட்டிருக்கிறேன். பெல்லட்டின் இடுப்பு ஒடுக்கம், வால்பக்கம் பாவாடை மாதிரி விரியும். வாயை விட்டுக் கடைசியாகப் பிரிவது அந்தப் பாவாடைதான், அதன் பின்னால் அழுத்தக் காற்று நிற்கிறது. விளிம்பு எங்கும் சமமாக இருந்தால் காற்று சுற்றிலும் ஒரே நொடியில் வெளியேறும். ஓரிடத்தில் பள்ளம் இருந்தால் அங்கே முந்திக்கொண்டு பாய்ந்து வாலை ஒரு பக்கமாகத் தள்ளும், பெல்லட் தலையாட்டிக்கொண்டே பறக்கும். எப்போதும் ஒரே பக்கம்தானே தள்ளும், சைட்டைத் திருப்பிவிட்டால் போயிற்றே என்பார் ஒருவர். தள்ளுகிற அளவு பெல்லட்டுக்குப் பெல்லட் மாறும், அதனால் சைட்டில் சரியாகாது.

வேலைக்கு வருகிறேன். லேத்தில் நுனியை அரை மில்லிமீட்டர் போலச் சீவி, விளிம்பைப் புதிதாக வெட்டுவதுதான் இதன் சாரம். இரண்டு விஷயத்தில் விடாப்பிடியாக இருங்கள். முதலாவது, குழலை லேத்தில் மாட்டும்போது வெளிச்சுற்றை வைத்து சென்டர் பிடிக்கக் கூடாது, உள் துளையை வைத்துப் பிடிக்க வேண்டும். பல குழல்களில் துளை வெளிச்சுற்றுக்குச் சரியான நடுவில் இருக்காது. என் டர்னர் நல்ல கைக்காரர், ஆனாலும் வெளியே டயல் (ஆட்டத்தை முள்ளால் காட்டும் கருவி) வைத்துவிட்டு "முள்ளு ஆடலையே" என்றார். துளைக்குள் இறுக்கமாக உட்காரும் பின் ஒன்றைச் செருகி அதன்மேல் டயல் வைக்கச் சொன்னேன். ஆடியது. அதற்கப்புறம் அவரே ஆர்வமாகிவிட்டார்.

இரண்டாவது, சோக். நல்ல ஏர் ரைஃபிள் குழல்கள் பலவற்றில் வாய்க்கு அருகே துளை ஒரு மயிரளவு ஒடுங்கியிருக்கும், வேண்டுமென்றே செய்தது. பெல்லட்டைப் பின்னாலிருந்து மரக்குச்சியால் தள்ளிப் பாருங்கள், கடைசியில் இறுகினால் உங்களுக்கும் சோக் இருக்கிறது. "அடிபட்ட பக்கம் ஒரு இன்ச் அறுத்துப் போட்டுடலாம்" என்று யாராவது ஆக்ஸா பிளேடைத் தூக்கினால் தடுத்துவிடுங்கள். அறுத்தால் அந்தச் சோக்கும் சேர்ந்து போய்விடும்.

லேத் முடிந்ததும் உள்விளிம்பில் மெல்லிய பிசிறு மிஞ்சும். உருண்டைத் தலை பித்தளை ஸ்க்ரூவை டிரில்லில் மாட்டி, தலையில் நைஸ் கிரைண்டிங் பேஸ்ட் தடவி, வாயில் வைத்து மெதுவாக ஓட்டியபடி டிரில்லை வட்டமாக அசைத்துக்கொண்டே இருங்கள். உருண்டை என்பதால் அது தானாகவே துளையின் நடுவைப் பிடித்துக்கொள்ளும். அதற்கு முன் குழலுக்குள் எண்ணெய்த் துணியை அடைத்துவிடுங்கள், பேஸ்ட் உள்ளே போனால் அது வேறு வினை. பளபளவென்று ஒரு மெல்லிய வளையம் சுற்றிலும் ஒரே அகலத்தில் தெரிந்தால் நிறுத்திவிடலாம். முடிந்தபின் துணியை வாய்ப்பக்கமாகத் தள்ளி எடுத்து, எண்ணெயெல்லாம் துடைத்துவிடுங்கள். ஸ்பிரிங் ரைஃபிளின் காற்றறையில் எண்ணெய் நின்றால் அழுத்தச் சூட்டில் பற்றிக்கொள்ளும்.

உடனே சுட்டுப் பார்த்துவிட்டு என்னைத் திட்டாதீர்கள். சுத்தமான குழலில் ஈயம் படிந்து நிலைக்கும்வரை குறி அலையும். எனக்கு முதலில் நம்பிக்கையே போய்விட்டது, பிறகு ஓட்டைகள் ஒன்றோடொன்று சேர ஆரம்பித்தன. பயிற்சியாளரிடம் அந்த அட்டையைக் காட்டினேன். "இன்னைக்கு மூச்சு நல்லா இருந்திருக்கு" என்றார்.

நான் துப்பாக்கி மெக்கானிக் இல்லை, ஸ்க்ரூ வைத்தியம் காட்டுமிராண்டித்தனம் என்று கீழே யாராவது எழுதுவார்கள் என்பதும் தெரியும். போட்டி ரைஃபிள் என்றால் கம்பெனிக்கே அனுப்புங்கள், பத்து மீட்டர் ஏர் ரைஃபிளில் பத்துப் புள்ளி வெறும் அரை மில்லிமீட்டர், அங்கே இந்த விளையாட்டு வேண்டாம். தோட்டா போடும் ரைஃபிளுக்கும் நுனி விஷயம் இதேதான், ஆனால் அதை வீட்டில் தொடாதீர்கள், லைசென்ஸ் உள்ள துப்பாக்கி மெக்கானிக்கிடம் மட்டும் கொடுங்கள். அதில் தோட்டா உட்காரும் அறைக்கு முன்னால் சூட்டில் அரிப்பதும் உண்டு. பின்பக்கத்தைச் சிறிது வெட்டி அறையைப் புதிதாகக் கடைந்தால் சில குழல்கள் பிழைக்கும். துருப்பிடித்துக் குழி விழுந்ததைத் தேய்த்து மீட்க முடியாது. எங்காவது புடைத்திருந்தாலோ விரிசல் கண்டாலோ பேச்சே இல்லை, சுடவே கூடாது, குழலை மாற்றித்தான் ஆகவேண்டும்.

உங்கள் குழல் வாயை நேராகவும் பக்கவாட்டிலும் படம் எடுத்துப் போடுங்கள், பெல்லட் தள்ளும்போது கடைசியில் இறுகுகிறதா என்றும் சொல்லுங்கள். எவ்வளவு சீவலாம் என்பதை அதைப் பார்த்துவிட்டுத்தான் சொல்ல முடியும்.