டப்ளினில் ஒரே நாள்: அவருக்கு பப், உங்களுக்கு ஊர்

கணவருக்கு பப் பார்க்க ஆசை, உங்களுக்குக் குடிப்பழக்கம் இல்லை, கையில் ஒரே நாள் என்கிறீர்கள். சண்டையே வேண்டாம், டப்ளினில் இரண்டும் நடந்துபோகும் தூரம்தான். காலையில் டிரினிட்டி கல்லூரியில் ‘புக் ஆஃப் கெல்ஸ்’. சுமார் 1,200 ஆண்டு பழைய ஓவியச் சுவடி. டிக்கெட்டை இணையத்தில் முன்பே எடுத்துவிடுங்கள். அப்புறம் டப்ளின் கோட்டை வளாகத்தில் செஸ்டர் பீட்டி அருங்காட்சியகம். அனுமதி இலவசம், ஊரிலேயே எனக்குப் பிடித்த இடம் அதுதான்.

மாலையில் பப்கள் நிறைந்த டெம்பிள் பார் பகுதியில் ஒரு படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுங்கள். விலை அதிகம், இரைச்சல் அதைவிட அதிகம். பக்கத்தில் சவுத் கிரேட் ஜார்ஜஸ் தெருவில் ‘தி லாங் ஹால்’ என்ற பப் இருக்கிறது. விக்டோரியா காலத்து மரவேலைக்காகவே போகலாம். கவுண்டரில் நீங்களே கேட்டு வாங்க வேண்டும். உங்களுக்கு ஆல்கஹால் இல்லாத கின்னஸ் 0.0 பீர் பல பப்களில் கிடைக்கும். வெறும் சோடா கேட்டாலும் யாரும் ஒருமாதிரி பார்க்க மாட்டார்கள்.