பேசத் தயங்கும் ஒன்பதாம் வகுப்பு: ஒரு புதிரோடு தொடங்குங்கள்

வணக்கம் டீச்சர். கோத்தகிரியில் உங்கள் பிள்ளைகள் இலக்கணப் பயிற்சியைச் சரியாக முடித்துவிட்டு, ஆங்கிலத்தில் பேசச் சொன்னால் தலைகுனிகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அவர்களுக்குச் சொல்ல ஏதாவது இருக்க வேண்டும்.

பழங்காலக் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதிவைத்த தீசியஸ் கப்பல் புதிரை (பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றிய கப்பல் அதே கப்பல்தானா என்ற கேள்வி) நம் மலை ரயிலுக்கு மாற்றிக் கேளுங்கள். 1908இல் ஊட்டிக்கு ஏறிய ரயிலில் சக்கரம், இருக்கை, எஞ்சின் என்று ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் மாற்றிவிட்டால், அது அதே ரயில்தானா?

முதல் ஐந்து நிமிடம் தமிழிலேயே வாதாடட்டும், நீலகிரியின் படுகு மொழி பேசுகிறவர்கள் படுகுவில். அப்புறம் கரும்பலகையில் மூன்றே தொடர்கள்: 'ஐ திங்க் சோ, பிகாஸ்', 'ஐ டோன்ட் அக்ரி', 'வாட் இஃப்'. நான் வாரக்கணக்கில் நடத்தியும் ஏறாத 'இஃப்' வாக்கியம் இந்தக் கேள்வியில்தான் பிள்ளைகள் வாயில் வந்தது. நடுவில் பிழை திருத்தாதீர்கள். குறித்துவைத்துக் கடைசியில் சொல்லுங்கள். விடையை மட்டும், அவர்கள் கெஞ்சினாலும், சொல்லிவிடாதீர்கள்.